பிரியந்திக்கு அளவான துவக்கு

பிரியந்தி சுட்டால் பறவை விழாது, பிரியந்தி எழும்புவாள். ஒரு சூட்டுக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மூன்று இலையுதிர்காலங்களில் அவள் பனிவாத்துகளைக் குறிவைத்து நூற்று முப்பத்திரண்டு தடவை சுட்டிருந்தாள். ஒரு வாத்துக்கூட விழவில்லை. இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு செப்டெம்பர் முதல் வாரத்தில் அவளுடைய உள்ளங்கால்கள் நிலத்திலிருந்து சரியாகப் பதினொரு சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றன. இருக்கும்போதும் படுக்கும்போதும் வித்தியாசம் எதுவும் தெரியாது; எழுந்து நின்றால் அந்த இடைவெளி வந்துவிடும். கியூபெக்கில் கர்க்லாண்ட் என்ற ஊரில் அவர்களுடைய வீட்டு வாசலில் பனி விழுந்த காலைகளில் கணவன் பற்றிக்கின் காலடிகள் மட்டும் கார் வரைக்கும் போயின. பிரியந்தி நடந்த பக்கம் பனி விழுந்தபடியே கிடந்தது. தபால்காரர் முதலாவது குளிர்காலத்தில் அதைப் பற்றிக் கேட்டார். இரண்டாவது குளிர்காலத்தில் கேட்கவில்லை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், பிறந்தது மன்னாரில். புவாண்ட்-கிளேரில் மருந்துச் சாமான்கள் வைக்கும் பெரிய கிடங்கு ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்தாள். நின்றபடி ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்டில் முப்பதடி உயரத் தட்டிலிருந்து ஒரு பெட்டிகூடக் கீழே விழாமல் சாமான் இறக்கக்கூடியவர்கள் அங்கே நான்கு பேர். அதில் பெண் அவள் ஒருத்தி. அவளோடு வேலை செய்த செலீன் என்ற கியூபெக்காரிதான் அவளை முதன்முதலாகப் பறவை வேட்டைக்குக் கூட்டிப்போனாள். வலிஃபீல்ட் பக்கத்துச் சோள வயல் ஒன்றில் அன்று விடியற்காலை பத்தாயிரம் பனிவாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பின. பிரியந்தி அன்றைக்கு முழுவதும் சாப்பிட மறந்துபோனாள். அடுத்த கிழமையே துவக்குப் பாவிப்பதற்கான வகுப்பில் சேர்ந்து, பரீட்சையைப் பிரெஞ்சிலேயே எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்தாள்.

துவக்கு வாங்கியவன் பற்றிக். அவன் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். பஸ் தரிப்பிடத்து மெக்கானிக் ஒருவன் தன்னுடைய பழைய பன்னிரண்டாம் இலக்கத் துவக்கை இருநூற்றைம்பது டொலருக்கு விற்கப்போவதாகச் சொன்னபோது, மனைவியைக் கூட்டிப்போய் அந்த இடத்திலேயே பேசி முடித்துவிட்டான். தனக்கு அளவாக இருக்குமோ என்று பிரியந்தி கேட்டாள். “துவக்கெண்டாத் துவக்குத்தானே. இதென்ன பிளவுஸே, அளவெடுத்துத் தைக்க?” என்றான் பற்றிக். அந்த மெக்கானிக் ஆறடி இரண்டங்குலம். அவனுடைய துவக்கின் விசையிலிருந்து பிடியின் அடிவரைக்கும் பதினாலரை அங்குலம். பிரியந்தி விசையை எட்டுவதற்குக் கழுத்தை முன்னே நீட்ட வேண்டியிருந்தது. பிடி தோளில் அமராமல் மேல்கையில் போய் நின்றது. சன்னங்கள் வாத்துகளுக்கு மேலாகப் போயின. துவக்கு உதைத்தது. உதை முழுவதும் தோளுக்குள் போக வழியில்லாமல், மிச்சம் அவளை மேலே தூக்கியது.

முதலில் கவனித்தவள் செலீன். உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் பிரியந்தியின் தலை வேறோர் உயரத்தில் தெரிந்தது. ஃபோர்க்லிஃப்ட்டின் பெடலைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டிருந்தால்தான் அது ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். எனவே கால் எட்ட வேண்டும். வில்லரேயில் சப்பாத்துத் திருத்தும் மகேந்திரராசா அவளுடைய வேலைச் சப்பாத்துகளுக்கு அடித்தோல் ஒட்டிக் கொடுத்தார். முதல் வருடம் மூன்று சென்ரிமீற்றர், அடுத்த வருடம் ஏழு, பிறகு பதினொன்று. அவர் காரணம் கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போது இரண்டு சப்பாத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தால் கூலி குறையும் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் சாதாரணச் சப்பாத்தோடுதான் போவாள். நற்கருணை எடுக்க வரிசையில் நின்றபோது பங்குச் சனம் அந்த இடைவெளியைக் கண்டது. மாதா சபைத் தலைவி சிசிலி அன்றைக்குப் பின்னேரமே தொலைபேசியில் கூப்பிட்டாள். சிசிலி ஒரு தெப்பனேர், அதாவது மூலைக்கடை, நடத்துகிறவள். எந்நேரமும் அங்கே குளிர்பெட்டி இரையும், லொத்தர் இயந்திரம் கிணுகிணுக்கும். இது எப்படி வந்தது என்று சிசிலி கேட்டாள். “துவக்காலை வந்ததக்கா,” என்றாள் பிரியந்தி. அந்த இரைச்சலுக்குள் சிசிலிக்கு அது “துவக்கத்திலை வந்ததக்கா” என்று கேட்டது. அடுத்த ஞாயிறு பங்குத் துண்டுப்பிரசுரத்தில், பிறப்பின் துவக்கத்திலேயே அருளப்பட்ட வரம் என்று நான்கு வரி வந்தது.

பிரியந்தி திருத்தப் பார்த்தாள். ஆனால் அந்தச் சனம் துவக்கு என்ற சொல்லைக் கேளாத இடம் தேடித்தான் கடல் கடந்து வந்திருந்தது. பங்கு மண்டபத்தில் அவள் அதை உரக்கச் சொன்ன ஒரே நாளில் எல்லாக் கரண்டிகளும் நின்றன. பிறகு யாரோ பாயாசம் வேணுமோ என்று கேட்டார்கள். துவக்கம் என்ற சொல் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. சனம் அவளுடைய காலுக்கும் நிலத்துக்கும் இடையே கடதாசிகளைச் செருகி எடுக்கத் தொடங்கியது. ஸ்பொன்சர் கடிதங்கள், எக்ஸ்ரே படங்கள், ஓடுகிற லைசென்ஸ் பரீட்சைக்கான விண்ணப்பங்கள். சில கடிதங்களுக்கு நல்ல பதில் வந்தது. வராதவற்றைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. பற்றிக்குக்குக் கோவில் வாசலுக்கு அருகில் கார் நிறுத்த இடம் விட்டார்கள். அவன் அதை மறுக்கவில்லை.

அந்தச் செப்டெம்பரில் கிடங்கு நிர்வாகம் ஒரு அறிவித்தல் ஒட்டியது. ஒக்டோபர் இருபத்தோராம் திகதி திங்கட்கிழமை பாதுகாப்புப் பரிசோதகர் வருவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களின் சப்பாத்து அடி மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. அவர் முன்னால் ஏறி, பெடலை மிதித்து ஓட்டிக்காட்டாதவர்கள் பெட்டிக்கு லேபல் ஒட்டும் பிரிவுக்குப் போகவேண்டும். பிரியந்தி அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தாள். லேபல் ஒட்டும் பிரிவுக்கு யன்னல் இல்லை. அங்கே எல்லாரும் இருந்துகொண்டு வேலை செய்தார்கள், ஒன்றும் உயரத்துக்குப் போகாது, ஒன்றும் உயரத்திலிருந்து வராது.

வழி செலீனிடமிருந்து வந்தது. போன வருடம் வயலில் தன்னுடைய இருபதாம் இலக்கத் துவக்கை அவள் பிரியந்தியிடம் ஒரு நிமிடம் பிடிக்கக் கொடுத்திருந்தாள். பிரியந்தி அதைச் சும்மா தோளில் வைத்துப் பார்த்தபோது, அவளுடைய குதிக்கால் ஒரு விரல் அளவு இறங்கியதைச் செலீன் கண்டிருந்தாள். பன்னிரண்டாம் இலக்கத்தை விட இருபதாம் இலக்கத்தின் குழல் சிறியது, உதை குறைந்தது. ஆனால் செலீன் பிரியந்தியை விட ஒரு தலை உயரம், அவளுடைய துவக்கும் அப்படியே. உனக்கு அளவான ஒன்று உன்னை முழுக்க இறக்கிவிடும் என்று செலீன் சொன்னாள். பல்லுக்குப் பல் வைத்தியர், காலுக்குச் சப்பாத்து என்கிற மாதிரியான குரலில் சொன்னாள். பிரியந்தி அன்றே எழுநூறு டொலர் எடுத்து ஒரு கடித உறைக்குள் வைத்தாள். அதற்கு மேல் முடியாது.

புவாண்ட்-கிளேரில் மீன்பிடி, வேட்டைச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் துவக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவன் டெனிஸ்டன். அதே பங்குப் பிள்ளை, முப்பத்தெட்டு வயது. தான் தூண்டில் விற்பதாகத் தாயிடம் ஒன்பது வருடமாகச் சொல்லிவந்தான். பங்கில் அவனுக்குத் தூண்டில் டெனிஸ்டன் என்றே பேர். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவன் பிரியந்தியையும் பற்றிக்கையும் கண்டதும் குனிந்துவிட்டான்.

“அக்கா, நீங்கள் என்னை இஞ்ச காணேல்லை. நானும் உங்களைக் காணேல்லை. சரியோ?”

“அப்ப ஆரிட்ட நான் துவக்கு வாங்கிறது?”

“மெல்ல, மெல்ல. தூண்டில் எண்டு சொல்லுங்கோ.” அவன் எழுந்து அவளுடைய கால்களைப் பார்த்தான். பிறகு தையற்காரரின் நாடா ஒன்றை எடுத்து அவளுடைய முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரைக்கும் அளந்தான். “பற்றிக் அண்ணை, அந்தப் பழசு ஆருக்கு அளவு பாத்து வாங்கினது?”

“அது… மெக்கானிக்கின்ர.”

“அப்ப அவனையே சுட விட்டிருக்கலாமே.”

“இது பிளவுஸே எண்டு கேட்ட மனுசன்,” என்றாள் பிரியந்தி.

“பிளவுஸ்தான் அண்ணை. அதைவிட மோசம். பிளவுஸ் அளவில்லாட்டிப் பிடிக்கும், இது உதைக்கும்.”

டெனிஸ்டன் நாடாவை நிலத்திலிருந்து அவளுடைய உள்ளங்காலுக்குப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைக்க வேண்டும், கன்னத்தைப் பிடியின் மேட்டில் சாய்க்க வேண்டும், பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் நுனியில் உள்ள சின்ன மணி மட்டும் நேராகத் தெரிந்தால் அளவு சரி. குழலின் முதுகு தெரிந்தால் மேடு உயரம், ஒன்றும் தெரியாவிட்டால் தாழ்வு. இது எல்லாக் கடையிலும் செய்வது. பிரியந்தியின் விடயத்தில் பார்ப்பதற்கு இன்னோர் இடமும் இருந்தது. முதலில் அவன் ஒரு பன்னிரண்டாம் இலக்கத்தைக் கொடுத்தான். தோளில் வைத்த அளவிலேயே பதினொன்று பதினொன்றரை ஆனது. அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பெண்களுக்கென்றே இத்தாலியில் செய்யப்பட்ட ஒன்றை எடுத்து வந்தான். வால்நட் மரப்பிடி, ஓடும் தண்ணீர் மாதிரி ரேகை. பிரியந்தி கண்ணை மூடித் தோளில் வைத்தாள். நாடா ஒன்பது, ஏழு, நான்கு என்று வந்து ஒன்றில் நின்றது. பற்றிக் கையைத் தட்டினான். விலை மூவாயிரத்து நானூறு என்று டெனிஸ்டன் சொன்னதும் பற்றிக் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டான். பிரியந்தி துவக்கைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி பதினொன்று.

மூன்றாவது, இளவட்டங்களுக்கான குட்டைத் துவக்கு, நானூற்று முப்பது டொலர். இதன் நீளம் சரியாக இருந்தது. ஆனால் கன்னம் வைக்கும் மேடு தாழ்வு. பிரியந்திக்கு நீண்ட கழுத்து, உயர்ந்த கன்னம். கண்ணை மணிக்குக் கொண்டுவர அவள் தலையைச் சாய்த்து அழுத்த, இடது கால் மட்டும் நிலத்துக்கு வந்தது, வலது கால் மேலேயே நின்றது. அவள் சரிந்து, வாத்து மாதிரிக் கத்தும் ஊதுகுழல்கள் தொங்கிய தட்டில் முட்டினாள். ஐந்தாறு ஊதுகுழல்கள் தாமாகவே கத்தின. நான்காவது பாரம். ஐந்தாவதின் அடிமுனை மார்பில் குத்தியது. ஆண்களின் நெஞ்சுக்கென்று வெட்டிய கோணம் அது. ஆறாவதுக்கு மேடு உயரம், எட்டு சென்ரிமீற்றர். ஏழாவதை ஏற்கெனவே விற்றாயிற்று. பிரியந்தியின் நெற்றி வேர்த்திருந்தது, கண் மினுங்கியது. இன்னும் இருந்தால் எடுத்துக்கொண்டு வா என்றாள். மற்ற வாடிக்கையாளர்கள் தூண்டில் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அடுத்தது எத்தனையில் நிற்கும் என்று இன்னொருவனிடம் பிரெஞ்சில் பந்தயம் கேட்டான்.

டெனிஸ்டன் பின்னறைக்குப் போய்க் கனநேரம் வரவில்லை. வந்தபோது துணியில் சுற்றிய ஒரு பழைய துவக்கைக் கொண்டுவந்தான். இருபதாம் இலக்கம், தானே அடுத்த தோட்டாவை ஏற்றுவது. வெடிக்கும் வாயுவில் ஒரு பங்கை எடுத்துத் தன் வேலையைத் தானே செய்வதால் உதையின் பாதியை விழுங்கிவிடும். ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருத்தியுடையது. அவள் பிடியைப் பதின்மூன்று அங்குலத்துக்கு வெட்டுவித்து, அடிமுனை மார்பில் குத்தாதபடி கோணமும் மாற்றுவித்திருந்தாள். அப்படி வெட்டியதை எந்த ஆணும் வாங்கவில்லை. பதினாலு மாதமாகக் கிடந்ததால் விலையை ஐந்நூற்று இருபதுக்கு இறக்கியிருந்தார்கள். இரும்புச் சன்னமும் தாங்கும். ஈயச் சன்னத்தால் வாத்துச் சுட இந்த நாட்டில் அனுமதியில்லை.

பிரியந்தி கண்ணை மூடினாள். துவக்கு அவளுடைய தோளுக்கு வந்து இருந்தது. டெனிஸ்டன் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே போனான். எட்டு. ஐந்து. மூன்று. ஒன்று. அரை. அங்கே நின்றது.

“மணி தெரியுதோ?”

“பாதிதான் தெரியுது. கன்னத்துக்குக் கீழ வெறுமையாக் கிடக்கு.”

முப்பத்தெட்டு டொலருக்கு ஒட்டுகிற கன்னப் பஞ்சு ஒன்று இருந்தது. ஆறு படை. டெனிஸ்டன் ஆறையும் வைத்தான். அவள் மூன்றுக்கு ஏறினாள். ஒன்றை உரித்தான், இரண்டு. இன்னொன்றை உரித்தான், அரை. மூன்றாவது படையை நகத்தால் மெல்லமாக உரித்து எடுத்தபோது, பிரியந்தியின் பெருவிரல்கள் கடைக் கம்பளத்தின் மயிரைத் தொட்டன. பிறகு பாதத்தின் முன்பகுதி. பிறகு குதி. கம்பளத்தின் மயிர் மெதுவாக மடிந்தது.

“மணி மட்டுந்தான் தெரியுது,” என்றாள் பிரியந்தி.

பற்றிக் முழங்காலில் இருந்து, அவளுடைய உள்ளங்காலுக்கும் கம்பளத்துக்கும் இடையே தன்னுடைய பஸ் அட்டையைச் செருகிப் பார்த்தான். போகவில்லை. “பிரியா, நான் ஒரு விசரன்,” என்றான்.

“தெரியும். காசைக் குடுங்கோ.”

துவக்கைத் தோளிலிருந்து எடுத்ததும் அவள் திரும்பவும் பதினொன்றுக்குப் போய்விட்டாள். சுட்டால்தான் இறங்கினது நிற்கும் என்றான் டெனிஸ்டன். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. காசுத் துண்டில் தூண்டில் என்று எழுதிக்கொடுத்தான்.

பற்றிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. வேட்டை ஒக்டோபர் பத்தொன்பதாம் திகதி சனிக்கிழமை என்று புதன்கிழமைக்குள் பங்கு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. வியாழன் பின்னேரம் சிசிலி ஒரு தட்டு றோல்ஸோடு கர்க்லாண்டுக்கு வந்தாள். ஞாயிறு இருபதாம் திகதி பங்குத் திருவிழா. ரொறன்ரோவிலிருந்து பிரியந்தியின் கால்களைப் பார்ப்பதற்கென்றே சனம் வர ஒழுங்கு செய்தவள் அவள்தான்.

“பிள்ளை, ஒரு கிழமை. ஒரே ஒரு கிழமை மேலை நில்லும்.”

“திங்கள் நான் பெடல் மிதிக்கவேணுமக்கா. இந்தச் சனியை விட்டா வேற நாளில்லை.”

“ரெண்டு பஸ் வருது. தொண்ணூத்தாறு பேர். அவையளுக்கு நான் என்னத்தைக் காட்டிறது?”

“வாத்துக்கறி வைப்பம்.”

“பகிடியே விடுறீர்? மாதா தந்ததை ஆரும் கையால தட்டிவிடுவினமே?”

“மாதா தரேல்லை அக்கா. இவர் தந்தவர். இருநூற்றைம்பது டொலருக்கு.”

சிசிலி அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சேலையைப் பார்க்கிற பார்வை அது. போகும்போது றோல்ஸ் தட்டைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிய வயலில் உறைபனி. அறுத்த சோளத் தட்டைகள் வெள்ளையாக நின்றன, அவற்றுக்கிடையே சேறு. செலீனும் பிரியந்தியும் வைக்கோல் நிறப் போர்வைக்குள் மல்லாந்து கிடந்தார்கள். பிரியந்தி மெல்லிய றப்பர் பூட்ஸ் மட்டும் போட்டிருந்தாள். ஆறு ஐம்பதுக்கு ஆற்றுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. முதலில் தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று இடைவேளைக்கு விட்டமாதிரி. பிறகு பத்துப் பள்ளிக்கூடங்கள். பிறகு வானம் வடக்கிலிருந்து வெள்ளையாகிக்கொண்டு வந்தது. கருப்பு நுனிச் சிறகுகள், சுழன்று சுழன்று, இறங்குவதா போவதா என்று யோசித்துக்கொண்டு, தலைக்கு மேல் வந்தன. செலீன் கையை அசைத்தாள். பிரியந்தி எழுந்து நின்றாள், பதினொரு சென்ரிமீற்றர் உயரத்தில். துவக்கு தானாகத் தோளுக்கு வந்தது. கழுத்தை நீட்டவில்லை, கண்ணை மணிக்குத் தேடவில்லை. முன்னால் வந்த வாத்தின் அலகைத் தாண்டி மணி ஓடியபோது, கால் இறங்குவதற்கு முன்பே, விசையை இழுத்தாள்.

வாத்து மடிந்து, நேராக, ஒரு மூட்டை மாதிரி விழுந்தது. அதே நேரத்தில் பிரியந்தியும் விழுந்தாள். நூற்று முப்பத்திரண்டு சூட்டின் உயரமும் ஒரே சூட்டில் போய், இரண்டு காலும் கணுக்கால் வரை சேற்றில் இறங்கின. குளிர்ந்த சேறு பூட்ஸுக்குள் வந்தது. அவள் ஒரு காலை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மற்றக் காலை இழுத்தாள், அதுவும் வரவில்லை. “செலீன், ஒட்டிட்டுது! என்ர கால் ஒட்டிட்டுது!” என்று தமிழிலேயே கத்தினாள். செலீனுக்கு அது விளங்கியது. புதைந்த இடத்திலேயே நின்று பிரியந்தி இன்னும் இரண்டு வாத்து விழுத்தினாள். பிறகு செலீன் அவளை இரண்டு கக்கத்தாலும் பிடித்து இழுத்தெடுத்தாள். வயலின் குறுக்கே கார் வரைக்கும் ஒரு மனுசியின் காலடிகள் போயின. பிரியந்தி மூன்று தரம் நின்று திரும்பி அவற்றைப் பார்த்தாள்.

ஞாயிறு பஸ்கள் பத்தரைக்கு வந்தன. பிரியந்தி மண்டப மேடையில் கால் பதித்து நின்றாள். தொண்ணூற்றாறு பேரும் கடித உறைகளை நீட்டியபடி குனிந்து பார்த்தார்கள், செருக இடம் இல்லை. சிசிலி ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினாள். ஒலிவாங்கி புதிது, இரைச்சல் இல்லாதது. “அது துவக்காலை வந்தது,” என்றாள் பிரியந்தி. “எனக்கு அளவில்லாத துவக்கு. இப்ப அளவான துவக்கு எடுத்திட்டன், இறங்கிட்டன்.” கரண்டிகள் நின்றன. சொல் இரண்டு தரம் மண்டபத்தைச் சுற்றிவந்து, ஒருவரையும் ஒன்றும் செய்யாமல், கூரையில் போய் அடங்கியது. ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு கிழவர் அந்த வாத்து எங்கே என்று கேட்டார். மூன்று வாத்துக் கறியும் ஆளுக்கொரு கரண்டி என்று நன்றாகவே காணுமாயிருந்தது. பின்வரிசையிலிருந்து டெனிஸ்டனின் தாய், என்ர மகனும் துவக்குத்தான் விக்கிறவன், எனக்கு ஒன்பது வருசமாத் தெரியும் என்றாள்.

திங்கள் காலை பரிசோதகர் ஒரு அளவுகோலோடு நின்றார். சப்பாத்து அடி இரண்டு சென்ரிமீற்றர். பிரியந்தி ஏறி நின்று பெடலை மிதித்தாள். அது காலுக்குக் கீழே இறங்கியது, வண்டி முனகிக்கொண்டு புறப்பட்டது. முப்பதடித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பரிசோதகரின் காலடியில் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பழைய பன்னிரண்டாம் இலக்கத் துவக்கை அடுத்த வருட வசந்தத்தில் பற்றிக் வாங்கின விலைக்கே விற்றான். வாங்கியவள் சிசிலி. உயரம் ஐந்தடி. குளிர்காலம் முழுவதும் துவக்கு வகுப்புக்குப் போய்த் தொண்ணூற்றாறு புள்ளி எடுத்திருந்தாள். டெனிஸ்டன் அளவெடுக்க நாடாவைக் கொண்டுபோனபோது, அளவு வேண்டாம் தம்பி, நீளமானதே போதும் என்றாள். மாதத்துக்கு ஒரு பெட்டித் தோட்டா, மேலே எறியும் மண்தட்டுகளைச் சுட்டுப் பழகும் மைதானத்தில், ஒரு தட்டுக்கும் படாமல். இப்போது பூசையில் பிரியந்தி மற்றவர்களைப் போல நிலத்தில் நிற்கிறாள், அவளுக்கு முன் வரிசையில் சிசிலி மூன்று விரல் மேலே நிற்கிறாள், பின்னால் நிற்பவர்கள் பீடத்தைப் பார்க்கக் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறார்கள். மாதா சபையில் இன்னும் நான்கு பேர் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். வில்லரேயில் மகேந்திரராசா கடைக் கண்ணாடியில் ஒரு மட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்: உயர்ந்தவர்களுக்கு அடித்தோல், சென்ரிமீற்றருக்குப் பதினெட்டு டொலர், சோடிக்கு.